‘விடாதே’க்குள் ஒளிந்திருந்த ‘விடு’

ஒரு பெரிய ஃப்ரிட்ஜுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விளக்கு எரிகிறது. நடுவில் வெள்ளை வெளேரென்று பனித்தளம். சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு வெளியே வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். அவற்றில் ஒன்றில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, மங்கி குல்லாவும் மாட்டிக்கொண்டு, திணித்துத் தைத்த மூட்டை மாதிரி ஒருவன். அந்த மூட்டை நான்தான்.

அந்த நேரத்தில் அரங்கமே மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாட்டுப் பெண்கள், வரி போட்ட சட்டையில் நடுவர்கள், எங்கள் பயிற்சியாளர், பனியை மெழுகிவிடும் வண்டியின் டிரைவர், எல்லோரும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றுவிட்டார்.

என் மகள் பவித்ரா மட்டும் பார்க்கவில்லை. அவள் குனிந்து, தன் கோல் வலைக்குள்ளிருந்து எதிராளி அடித்த கறுப்பு வட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியது ஒரே ஒரு வார்த்தை. அப்பாக்கள் வழிவழியாகக் கத்திவரும் வார்த்தை. ஓட்டப் பந்தயத்தில் கத்துவார்கள், கயிறு இழுக்கும்போது கத்துவார்கள், பிளஸ் டூ பரீட்சைக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றும்போதும் கத்துவார்கள்.

“விடாத!”

அதனால்தான் கோல் விழுந்தது.

பக் என்றால் பக்

போன வாரம் மிக்ஸி ஜாரோடு நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டு, அஸ்தினாபுரம் வாசகி ஒருவர் குரோம்பேட்டையில் இருக்கும் என் கடைக்கே வந்துவிட்டார். “சார், உங்களுக்கு எதுக்குத்தான் பயம் இல்ல?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்குப் பயம் வரும், போகும். என்னிடம் அது வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், உலகத்தில் எத்தனையோ விளையாட்டு இருக்க, ஐஸ் ஹாக்கியைப் பிடித்துக்கொண்டாள். அதிலும் கோல்கீப்பர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலில் கத்தி பொருத்திய ஷூ. கையில் வளைந்த மட்டை. பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பரில் ஒரு கறுப்பு வட்டு. நம் வீட்டு ஊத்தப்பத்தில் பாதி அளவு இருக்கும், ஆனால் மேலே பட்டால் எலும்பு பேசும். அதற்குப் பெயர் ‘பக்’. பெயர் வைத்தவர் கட்டாயம் ஒரு கோல்கீப்பரின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அது மகளை நோக்கி வரும்போது நெஞ்சுக்குள் கேட்கிற சத்தத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்.

பவித்ரா போனது பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான சர்வதேசப் போட்டி. மத்திய ஆசியாவில் ஒரு மலைநாட்டின் தலைநகரம். அந்த ஊர்ப் பெயரை இன்றுவரை நான் இரண்டு தடவை ஒரே மாதிரி உச்சரித்ததில்லை. நம் குழு அந்தப் போட்டிக்குப் போவது அதுதான் முதல் தடவை. லடாக்கிலிருந்தும் இமாச்சலிலிருந்தும் பனியில் பிறந்து வளர்ந்த பெண்கள். நடுவில், ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் வேர்க்கிற ஊரிலிருந்து ஒருத்தி.

அப்பா எதற்குக் கூடப் போனார் என்று கேட்பீர்கள். என் மனைவி கஸ்தூரி சொன்ன காரணம் இது: “இங்க இருந்தா என்னையப் படுத்துவீங்க. அங்க போய் வேற நாட்டுக்காரங்களப் படுத்துங்க.”

மீன் கடையில் கற்றது

ஐஸ் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை என்பதை என் மச்சான் சேகர் ஒத்துக்கொள்ளச் சொல்கிறான். கஸ்தூரியின் தம்பி. அவர்கள் கோவளம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். சேகர் இப்போது பம்மல் மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கிறான்.

“இன்னா மச்சான், ஐஸு இன்னா நமக்கு புச்சா? நம்ப வூட்டுப் பொண்ணு ஐஸ்ல நிக்காம வேற எங்க நிக்கும்?” என்பான்.

அவன் கடையில் பாளம் பாளமாக ஐஸ் வந்து இறங்கும். கட்டையால் ஓங்கி அடித்து நொறுக்குவான். சில்லுகள் நாலா பக்கமும் பறக்கும். பள்ளி விட்டு வருகிற பவித்ரா, மீன் கூடையின் மூடியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு எதிரே நிற்பாள். ஒரு சில்லும் தன்னைத் தாண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது என்பது அவளாகவே ஏற்படுத்திக்கொண்ட விளையாட்டு. வஞ்சிரம் வாங்க வந்தவர்கள் சில்லு படாமல் நின்றார்கள் என்றால் அது அவள் புண்ணியம்.

அந்த வயதில் பிள்ளைகள் முகத்துக்கு நேரே ஏதாவது பறந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் மூடமாட்டாள். நான்தான் தூர நின்று இவளுக்காக மூடிக்கொள்வேன்.

இன்றைக்கு யோசித்தால், அந்தக் கூடை மூடிக்கு ஒரு மாலை போட வேண்டும். சேகருக்கும் போடலாம். ஆனால் போட்டால் அதை அவன் ஒரு மாதம் கழற்றமாட்டான்.

விமானத்துக்குக் கீழே ஒரு வார்த்தை

சக்கர ஷூ கட்டிக்கொண்டு ஹாக்கி ஆட அவள் போனது பொழிச்சலூரில் ஒரு சிமென்ட் மைதானத்துக்கு. விமான நிலையத்துக்குப் பக்கம். விமானங்கள் தலைக்கு மேலே, வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே வாயசைப்பாகத்தான் தெரியும்.

என் தொண்டை தயாரானது அங்கேதான். ஏற்கெனவே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஹாரன்களுக்கு மேல் கத்தி கிரைண்டர் விற்றவன். அதற்கு மேல் விமானப் பயிற்சியும் சேர்ந்தது. வேலிக்கு வெளியே நின்று, “விடாத! பவி, விடாத!” என்று நான் கத்தினால், இறங்குகிற விமானம் யோசித்துவிட்டு இறங்கும் என்று மற்ற பெற்றோர் கேலி செய்வார்கள்.

பவித்ராவுக்கும் அங்கே ஒரு வார்த்தை கிடைத்தது. கோல்கீப்பருக்கு ஒரு பாஷை உண்டு. பந்து கோல் பக்கமாக உருண்டு வரும்போது, காவலுக்கு நிற்கும் தோழி அதைத் துரத்தி ஓடி வருவாள். ‘நீ தொட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கோல்கீப்பர் சொன்னால் அவள் ஒதுங்கிவிட வேண்டும். இதையெல்லாம் விமானத்துக்குக் கீழே விளக்கமாகச் சொல்ல முடியுமா? பவித்ரா சுருக்கிவிட்டாள். “விடு!”

அவ்வளவுதான். விட்டுவிடுவார்கள்.

பிறகு லடாக்கில் பயிற்சி முகாம். உறைந்த குளத்தின்மேல் ஆட்டம். அங்கே காவலுக்கு நின்ற பெண்ணின் பெயர் பத்மா. பெயரைக் கேட்டதும் மாம்பலத்துப் பெண்ணாக்கும் என்று நினைத்தேன். அசல் லடாக்கி. எதிரே வருகிறவர்களைத் தோளாலேயே ஒதுக்கிவிட்டு, ‘சாரி’ என்று கூச்சத்தோடு சிரிக்கிற பெண். முதல் நாள் ஆட்டத்தில் பதற்றத்தில் பவித்ராவுக்கு இந்தி வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. “விடு!” என்றுதான் வந்தது. பத்மா விட்டுவிட்டாள். அர்த்தம் கேட்கவில்லை. வார்த்தை பிடித்துப்போயிற்று. சீக்கிரமே அந்தக் குழு முழுவதும் “விடு” பேச ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைப் பிடுங்கக்கூட “விடு”.

என் மகள் இமயமலைக்குத் தமிழ் கொண்டுபோய்விட்டாள் என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். அந்தத் தமிழ் என்னைத் தேடி மத்திய ஆசியாவுக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

குளிரில் ஒரு வீரன்

சென்னைக்காரன் மார்கழியில் பால் வாங்கப் போகவே மப்ளர் கட்டுகிறவன். அப்படியிருக்க, அந்த ஊர்க் குளிரை என்னவென்று சொல்ல? விமானத்திலிருந்து இறங்கியதும் என் மூக்கு தனியாகக் கழன்று எங்கோ போய்விட்டது. ஓட்டலில் நான் செய்த முதல் காரியம், ரூம் ஹீட்டரைப் பழுது பார்த்தது. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்த பிறகுதான் பழுதானது.

முதல் ஆட்டங்களை நான் பார்த்தேன் என்று சொல்வது கொஞ்சம் மிகை. எதிராளி நம் பாதிக்குள் வந்தால் எழுந்துபோய்க் கழிவறையில் நின்றுகொள்வேன். அங்கே கை உலர்த்தும் இயந்திரத்தைப் போட்டுவிட்டால் வெளிச் சத்தம் கேட்காது. கை மட்டும் சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்து ஸ்கோர் பலகையைப் பார்ப்பேன். எதிராளிக்கு ஒன்று கூடியிருக்கும். நாம் தோற்றுக்கொண்டே போனோம்.

பவித்ரா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அப்பா, அவங்கல்லாம் நடக்கறதுக்கு முன்னாடியே ஐஸ்ல ஆடறவங்க. நாங்க ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சா போதும்ப்பா. ஒண்ணே ஒண்ணு. இந்த டீமுக்கு அது வேணும்” என்றாள்.

அந்த ஒன்று, நான் சொல்ல ஆரம்பித்தேனே, அந்த ஆட்டத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சமமாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டம். அன்றைக்குக் கழிவறைக்குப் போகக்கூட எனக்குக் கால் வரவில்லை. எதிராளி ஒருத்தி தூரத்திலிருந்து பக்கைத் தட்டிவிட்டாள். அது சோம்பேறித்தனமாக உருண்டு நம் கோல் பக்கம் வந்தது. பத்மா திரும்பி விரட்டிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னாலேயே எதிராளி ஒருத்தி. பத்மாவே எடுத்துக்கொள்ளட்டும் என்று பவித்ரா தன் இடத்தில் வாய் திறக்காமல் நின்றாள்.

அப்பாக்காரன் நிற்பானா? பொழிச்சலூர் தொண்டை திறந்துகொண்டது.

“விடா...த!”

காலி அரங்கம், மேலே தகரக் கூரை. தலைக்கு மேல் விமானம் இல்லை. என் குரலுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் போட்டியே இல்லை. அது நாலு சுவரிலும் மோதி, நாலு தடவை திரும்பி வந்தது.

முன்பாதி காதில் விழுந்ததுமே பத்மா ஒழுக்கமாக மட்டையைத் தூக்கி ஒதுங்கிவிட்டாள். பின்னால் வந்தவள் நன்றி சொல்லாத குறையாகப் பக்கை எடுத்து வலைக்குள் போட்டாள்.

கடைசி அசை

மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டு அறையில், அவித்த முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவித்ராவும் பத்மாவும் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்கள். திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று முட்டையைக் கேடயமாக்கப் பார்த்தேன்.

பத்மா இந்தியில் ஏதோ கேட்டாள். என் இந்தி மிக்ஸி கம்பெனி விற்பனையாளர்களிடம் கற்றது. விலையைக் குறை, சரக்கு எப்போது வரும், இந்த இரண்டைத் தாண்டி அதற்கு வழி தெரியாது. பவித்ராதான் மொழிபெயர்த்தாள்.

“நீ என்ன கத்தினேன்னு கேக்கறா. ‘விடு’ன்னுதானே கேட்டுச்சுன்றா.”

“அய்யோ, இல்லம்மா. விடாத! விடாத! டோன்ட் லீவ்!”

பவித்ரா சொன்னதும் பத்மா அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். விடு. விடாத. விடு. விடாத. பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நீளமாக ஏதோ பேசினாள். பவித்ரா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“இந்தியில ‘மத்’துன்னு முதல்லயே சொல்லிடுவாங்களாம். அவங்க பாஷைலயும் ‘மா’ன்னு முதல்லயே வந்துடுமாம். கூடாதுன்னு தெரிஞ்சிட்டு அப்புறம்தான் என்ன கூடாதுன்னு கேப்பாங்களாம். நம்ம மட்டும் ஏன்ப்பா அத கடைசில வச்சிருக்கோம்? அது வரத்துக்குள்ள கோல் போயிடுதேன்றா.”

நான் இத்தனை வருடம் தமிழில் பயந்தவன், தமிழில் வியாபாரம் செய்தவன், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கடையில் வருகிறவர் மிக்ஸியைத் தடவிப் பார்த்துவிட்டு, “எடுத்துக்க...” என்று இழுப்பார். நான் அட்டைப் பெட்டியைத் திறப்பேன். “...லாம்னு பாத்தேன், ஆனா வேணாம்” என்று முடிப்பார். 

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. எங்களுடையது காதல் கல்யாணம். அஸ்தினாபுரத்தில் நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பத்துப் பையன் நான். கடலோரத்து வீட்டில் பெண் கேட்டுப் போனேன். கஸ்தூரியின் அப்பா வலை பின்னிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். 

“பொண்ணக் குடுக்க...” என்றார். இருமல் வந்துவிட்டது. 

குடுக்க மாட்டேனா? குடுக்க முடியாதா? அவர் இருமுகிறார், இருமுகிறார், நான் வாசலையும் என் செருப்பையும் மாறி மாறிப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் ஓடினால் மணலில் கால் புதையாது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தார். தொண்டையைச் செருமினார்.

“...லாம்ப்பா” என்றார்.

அந்த ஒரு ‘லாம்’ வந்து சேர்ந்ததால்தான் கஸ்தூரி, பவித்ரா, சேகர், கூடை மூடி எல்லாம். 

இந்தக் கதையை பவித்ரா மொழிபெயர்க்க, பத்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். என் தட்டில் இருந்த முட்டையையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள். அவள் ஆட்டத்தையே கெடுத்தவன் நான். திட்ட வேண்டியவள் இலக்கணம் கேட்டாள். அந்தக் காலை நேரத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

அப்பாவை மாற்றிவிடலாம்

பயிற்சியாளர் நோர்பு சார் சிரிக்கிற ஆள் இல்லை. மிச்சம் இருந்தது கடைசி ஆட்டம் ஒன்றே. அதற்கு முன்பு நடந்த பயிற்சியில் அவர் ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் தமிழ் வேண்டாம், இங்கிலீஷில் ‘லீவ்’ என்று சொல்லு.

பவித்ரா தலையாட்டினாள். பக் வந்தது. “விடு!” என்றாள். 

மறுபடியும் பக். “லீ... விடு!” 

அவசரத்தில் வாய் தன் வீட்டுக்குத்தான் ஓடும். பத்மாவோ, கேட்ட வார்த்தை பழையதா புதியதா, அப்பனுடையதா பெண்ணுடையதா என்று ஒரு கணம் தயங்கினாள். காவலுக்கு நிற்பவள் தயங்கினால் அங்கே ஒரு கதவு திறந்துவிடுகிறது என்றார் நோர்பு சார். நாளைக்கு வேறு பெண்ணைக் கோல்கீப்பராக இறக்கலாமா என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு வயிற்றுக்குள் பக். போட்டியே முடியப் போகிறது. என் ஒரு வார்த்தையால் பெண் பெஞ்சில் உட்காரப் போகிறாள்.

பவித்ரா முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு அவரிடம் போனாள். இங்கிலீஷில் சொன்னாள். தமிழில் எனக்குச் சொன்னது இது: “வார்த்தைய மாத்த வேணாம் சார். அப்பாவ மாத்திடலாம்.”

நோர்பு சாரின் மீசை அசைந்தது. அது சிரிப்புதான் என்று பிறகு உறுதியாயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார். அங்கிள் அரங்கில் உட்காரலாம். ஆனால் அங்கிளிடமிருந்து ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் வந்தாலும் அங்கிள் வெளியே, பவி பெஞ்சுக்கு. 

“நீ வெளியவே இருந்துடேன்ப்பா” என்றாள் பவித்ரா, பாவமாக.

“நான் வாயே திறக்கமாட்டேன்!” என்று கத்தினேன். பனி மெழுகும் வண்டியின் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை கஸ்தூரிக்குப் போன் போட்டேன். அது பம்மல் மீன் கடையில் எடுக்கப்பட்டது. 

“மச்சான்! நீ கத்துனது இங்க வரிக்கும் கேட்டுச்சு! தராசு மேல போனை சாய்ச்சு வெச்சு மார்க்கெட்டே பாத்துகினு கீதுபா. சங்கரா வாங்க வந்த அக்காவே கேக்குது, ‘யாருப்பா அந்த ஆளு, பேஜார் பண்றான்’னு. என்னத்த சொல்றது? எங்க மச்சான்தான்னு பெருமையா சொன்னேன்.”

கஸ்தூரி போனைப் பிடுங்கினாள். நிபந்தனையைச் சொன்னேன். 

“உங்க வாய மூட கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் வழி பாக்கறேன். சரி, பெட்டில சைடு ஜிப்பத் தொறங்க. சேகர் டீம் பொண்ணுங்களுக்குன்னு கமர்கட்டு குடுத்து அனுப்பினான். ரெண்டு கன்னத்துலயும் ஒண்ணு ஒண்ணு அடக்கிக்கோங்க. மேட்ச் முடியற வரைக்கும் கடிக்காதீங்க.”

“கடிக்கா...”

“தீங்க! தீங்க!” என்றாள்.

வாய்க்குள் கமர்கட்டு

தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த கமர்கட்டு நம் ஊர் வெயிலில் கொஞ்சம் இளகியே இருக்கும். அந்தக் குளிரில் அது கருங்கல். வாயில் போட்டதும் பல் கூசியது. மெதுவாக ஓரம் கரைந்து, வெல்லப்பாகு கடைவாய்ப் பற்களைப் பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. தேங்காய் வாசனை மூக்குக்கு ஏறியது. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கடைசி ஆட்டத்தைக் கண்ணைத் திறந்து முழுசாகப் பார்த்தேன். கத்த முடியாதவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்போதுதான் என் மகளைக் கவனித்தேன். இத்தனை வருடமாக என் கத்தலைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை பக் அடங்கியதும் அவள் கோல் கம்பத்தை மட்டையால் ஒருமுறை தொட்டுக்கொள்கிறாள். தோழி தவறவிட்டால் கையுறையால் அவள் முதுகில் ஒரு தட்டு. பக் முகத்துக்கு நேரே வரும்போது கண் மூடுவதில்லை. மீன் கூடை மூடி பிடித்த அதே நிற்பு.

நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. திடீரென்று எதிராளிக் கோல்கீப்பரைக் காணோம். வலை காலி! பாத்ரூம் போய்விட்டாளோ, பாவம், என்று பதறினேன். கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு அடிப்பதற்குக் கூடுதலாக ஒருத்தியை இறக்குவது அந்த விளையாட்டில் ஓர் உத்தி என்று பிற்பாடு சொன்னார்கள். பனியெல்லாம் எதிராளிகளாகத் தெரிந்தது.

அடித்தார்கள். பவித்ரா காலால் தடுத்தாள். மறுபடி அடித்தார்கள். பாய்ந்து விழுந்து மார்பால் தடுத்தாள். மட்டை கையை விட்டுப் போய்விட்டது. பக் அவளுக்கு எட்டாத தூரத்தில், கோலுக்குப் பக்கத்திலேயே, சும்மா கிடந்தது. அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். எதிராளி ஒருத்தி அதை நோக்கி வந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பத்மா.

என் வாய்க்குள் அந்த வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. கமர்கட்டு விடவில்லை.

கத்தியது என் மகள்.

“விடா...”

என் வார்த்தை! அதே வார்த்தை! யாருடைய வாயில் வந்தாலும் முன்பாதி அதுதானே. போச்சு, பத்மா மட்டையைத் தூக்கப் போகிறாள், ஒதுங்கப் போகிறாள்.

பத்மா தூக்கவில்லை. ஓடிவந்த வேகம் குறையாமல், மட்டையைப் பனியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காது கொடுத்துக் காத்திருந்தாள். ஓர் அசை நேரம்தான். தமிழே தெரியாத ஒரு பெண், ஒரு தமிழ்ச் சொல் முடிகிறவரை பொறுத்தாள்.

“...த!”

பக்கைச் சுண்டி வெளியே அடித்தாள். அது ஓரச் சுவரில் மோதி, நடுத்தளத்தைப் பார்த்து உருள ஆரம்பித்தது. உருண்டுகொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்தது.

ஜெயித்துவிட்டோம்.

பெஞ்சிலிருந்த பெண்களெல்லாம் பனித்தளத்துக்குள் பாய்ந்தார்கள். மட்டைகளும் கையுறைகளும் பறந்தன. நோர்பு சார் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பனி மெழுகும் வண்டியின் டிரைவர். என் சட்டைப் பையில் போன் துள்ளியது. பம்மல் மார்க்கெட்டாகத்தான் இருக்கும். நான் படியிறங்கிக் கண்ணாடித் தடுப்புக்கு ஓடினேன். கண்ணில் தண்ணீர். அது கன்னத்தில் இறங்குவதற்குள் குளிர்ந்துவிட்டது.

பவித்ரா வந்தாள். முகமூடியைக் கழற்றினாள். நெற்றியோடு ஒட்டிய தலைமுடி, சிவந்த மூக்கு. அவளைச் சுற்றி அந்த மலைப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். கண்ணாடியைக் கையுறையால் தட்டினாள்.

“இப்ப கத்துப்பா!” என்றாள். “எவ்ளோ வேணா கத்து!”

வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. இரண்டு தாடையும் வெல்லத்தில் பூட்டிக்கொண்டு கிடந்தன. “ம்ம்ம்” என்றேன். கை கால் ஆட்டினேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்மா மட்டும் அவர்களைக் கையமர்த்திவிட்டு இந்தியில் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பவித்ரா சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைத் தமிழில் கத்தினாள்.

“கொஞ்சம் பொறுங்கன்றாப்பா! இவங்க ஊர்ல எல்லாமே கடைசிலதான் வரும்னு சொல்றா!”

வந்தது. முதலில் கமர்கட்டு கண்ணாடியில் ‘டொக்’கென்று. அப்புறம் நான்.